குறுக்கு வழியால் வந்தவன்

பின்னேரம் ஆறு மணி தாண்டியிருக்கும். மெல்பேர்னுக்கு வெளியே, வெரிபீக்குத் தெற்கே, கடற்பக்கமாகப் போகும் ஒற்றை றோட்டு. இரண்டு பக்கமும் முட்டைக்கோவாத் தோட்டங்கள். வீடு இல்லை... விளக்கு இல்லை. ஏப்ரலில் நேரத்தை மாற்றிய பிறகு இங்கே இருட்டு எப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியும்தானே. சாக்கைப் போட்டு மூடியதுபோல.

எறிக் வேலை முடிந்து தனியாக வந்துகொண்டிருந்தான். வெள்ளை வான். பின்னால் தரை ரைல் வெட்டும் மெஷின் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு வளைவு. லைற் வெளிச்சம் திரும்பியது.

றோட்டின் இடது கரையில் ஒரு ஆள் நடந்து போய்க்கொண்டிருந்தான். முதுகு மட்டும்தான் தெரிந்தது. நிலத்தைத் தொடும் கறுப்பு அங்கி. வெறுங்கால். தலையில் கூம்புபோல நீண்டு உயர்ந்த ஒரு கறுப்புத் தொப்பி... அதிலிருந்து துணி தோள்வரை இறங்கியிருந்தது.

எறிக் பிரேக்கை மிதித்தான். கண்ணாடிகள் எல்லாம் பூட்டியிருந்தன. ஆனாலும் வானுக்குள் ஒரு மணம் வந்தது. தோடம்பூ, ஒறேஞ்ச் மரத்துப் பூவின் மணம். வெரிபீயில் எரு மணக்கும். காற்றுத் திரும்பினால் கழிவுநீர்ப் பண்ணை மணக்கும். தோடம்பூ மணக்காது.

அந்த ஆள் திரும்பிப் பார்க்கவில்லை. றோட்டைவிட்டு இறங்கினான். கோவாப் பாத்திகளுக்குக் குறுக்கே நேராக நடந்தான். வேலி வந்தது... அவன் நிற்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தவன் அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தான்.

அவன் போன திசையில்தான் எறிக்கின் வீடு.

கதிரைகளை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுங்கள். றம்யா, அந்த போன் லைற்றை அணைத்துவிடு. கரண்ட் வரும்போது வரட்டும். இது என் கண்ணால் கண்டது இல்லை. என்னோடு வேலை செய்கிற றொகானின் அத்தான் எறிக்குக்கு நடந்தது. றொகானுக்குக் கதை கட்டத் தெரியாது.  அதனால்தான் நம்பினேன்.

எறிக் மன்னார் ஆள். பள்ளிக்கூடப் பிள்ளையாக மெல்பேர்னுக்கு வந்தவன். வீடுகளுக்கு ரைல் பதிக்கும் வேலை. வெரிபீயில் புதிதாக எழும்புகிற வீடுகளில் பாதிக் குசினிகளுக்கு அவன்தான் தரை போட்டிருப்பான். நல்ல உழைப்பாளி. ஆனால் ஒரு பழக்கம் இருந்தது. பகிடி. வெறும் பகிடி இல்லை, வீடியோ எடுத்து ஊருக்குக் காட்டுகிற பகிடி. மனைவி பேர்ள் வாயைத் திறந்து நித்திரை கொள்வதை எடுத்துப் போடுவான். செத்த வீட்டில் மாமியார் அழுத அழுகைக்குக் குத்துப்பாட்டைச் சேர்த்துப் போடுவான். ஆயிரக்கணக்கானவர்கள் பார்ப்பார்கள்.

"ஏனப்பா என்ர முகத்தைக் கேக்காமல் எடுக்கிறீங்கள்?" என்று பேர்ள் கேட்பாள்.

"சிரிக்கிறதுக்குத்தானே. உன்ர முகம் என்ன தேஞ்சா போகுது?"

அவ்வளவுதான் பதில்.

போன வருடம், ஈஸ்டருக்கு முந்திய பெரிய கிழமைக்குப் பேர்ள் ஆசைப்பட்டு எல்லோரும் ஸ்பெயினுக்குப் போனார்கள். செவில் நகரம். அவள், எறிக், ஏழு வயது மகள் ஷெறின். செவிலில் பெரிய கிழமை என்றால் நகரமே நித்திரை கொள்ளாது. தெருவுக்குத் தெரு தோடை மரங்கள் பூத்து மணக்கும். ஒவ்வொரு கோயிலிலிருந்தும் யேசுவின், மாதாவின் சுரூபங்கள் வெளிக்கிடும். வீடளவு கனமான மேடைகள். அவற்றைத் தூக்குகிறவர்கள் துணிக்குக் கீழே மறைந்து நிற்பார்கள், வெளியில் தெரிவது சப்பாத்து மட்டும். முன்னாலும் பின்னாலும் கூம்புத் தொப்பி போட்டவர்கள் நூற்றுக்கணக்கில் மெழுகுதிரியோடு நடப்பார்கள். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. உருகிய மெழுகை அங்கத்தைய பிள்ளைகள் உருண்டையாக்கிச் சேர்ப்பார்கள். ஷெறினும் ஒரு உருண்டை சேர்த்தாள். றோட்டெல்லாம் மெழுகு வடிந்து, நடந்தால் சப்பாத்து கிறீச்... கிறீச்... என்னும்.

திடீரென்று மேடை நிற்கும். பறை நிற்கும். மேல்மாடியிலிருந்து யாரோ ஒருத்தி தொண்டை கிழியத் தனியாகப் பாடுவாள். பேர்ளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் மன்னாரில் பெரிய வெள்ளியன்று யேசுவின் பாடுகளைப் பாடும் வியாகுலப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவள் அவள். நின்ற இடத்தில் அழுதாள். எறிக் அதையும் வீடியோ எடுத்தான்.

அவர்கள் தங்கியிருந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம், திரியானா என்ற பழைய பகுதியில். வீட்டுக்காரி ஆங்கிலம் கதைப்பாள். பக்கத்துச் சந்தைக்குக் கீழே கிடக்கும் கோட்டை இடிபாட்டைக் காட்டி அவள் சொன்னாள்: முந்திய காலத்தில் மத விசாரணைக்காரர் அங்கேதான் இருந்தார்கள். தண்டனை பெற்றவனுக்குக் கூம்புத் தொப்பி போட்டுத் தெருவில் நடத்துவார்கள், சனம் சிரிக்கும், காறித் துப்பும். பிற்பாடு தவம் செய்கிறவர்கள் தாங்களாகவே அந்தத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்கள். முகத்தையும் மூடிக்கொண்டார்கள். யாருடைய பாவம் என்று கடவுளுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

"அங்கி போட்டவன் வாய் திறக்கக்கூடாது. முகம் காட்டக்கூடாது. வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவில் ஆகக் குறுகிய வழியால்தான் போக வேண்டும்" என்றாள் அவள்.

பெரிய வெள்ளி மத்தியானம். ஊர்வலங்கள் கோயிலுக்குத் திரும்பிவிட்டன. எறிக் குடும்பம் ஒரு ஒடுக்கமான சந்தால் வந்துகொண்டிருந்தது. எதிரே ஒருவன் மட்டும் தனியாக வந்தான். கறுப்பு அங்கி, கூம்புத் தொப்பி. வெறுங்காலில் இரத்தம் காய்ந்திருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தான்.

எறிக் போனைத் தூக்கினான்.

"அண்ணை, எந்தக் கடையிலை தைச்சது இது?" தமிழில்தான் கேட்டான்.  எறிக் பக்கத்தில் போய் அவனைப்போலவே நொண்டி நடந்து காட்டினான். அவன் விலகி நடந்தான்.

"எறிக், விடுங்கோ. பாவம். ஷெறின் பாத்துக்கொண்டு நிக்கிறாள்" என்றாள் பேர்ள்.

"ஒரு செக்கன்."

எட்டி அந்தத் தொப்பியைப் பிடித்து இழுத்துவிட்டான்.

உள்ளே இருந்தது ஒரு சாதாரண மனிதன். ஐம்பது வயதிருக்கும். நரைத்த தாடி. மேலுதடு பிளந்து ஒட்டிய பழைய தழும்பு. அவன் கத்தவில்லை. அடிக்கவில்லை. எறிக்கின் முகத்தையே பார்த்தான்... நெற்றி, கண், மூக்கு, வாய், நாடி. கடையில் சாமான் வாங்குகிறவன் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு பேர்ளைப் பார்த்தான். பிறகு ஷெறினை.

அதன்பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு ஆற்றுப்பக்கமாக ஓடினான்.

அன்றிரவே எறிக் அந்த வீடியோவுக்கு ஒரு டிஸ்கோப் பாட்டைச் சேர்த்துப் போட்டான். அந்த மனிதன் நொண்டுவதும், தொப்பி பறப்பதும், முழிப்பதும்... திரும்பத் திரும்ப ஓடும். மெல்பேர்னுக்கு வந்து இறங்கும்போது அதை இலட்சக்கணக்கானவர்கள் பார்த்திருந்தார்கள்.

பிறகு ஸ்பெயினிலிருந்து ஒரு கிழவியின் செய்தி வந்தது. எறிக் போனிலேயே மொழிபெயர்த்துப் படித்தான். அவளுடைய மகளையும் பேத்தியையும் திரியானா ஆற்றில் அமுக்கிக் கொன்ற மருமகன்தான் தொப்பிக்குள் இருந்த அந்த மனிதன். அன்றைக்கு ஓடியவன் இத்தனை வருடமும் அகப்படவில்லை. வருடத்தில் ஒருநாள் மட்டும், நகரமே முகத்தை மூடும் நாளில், வந்து வெறுங்காலில் நடந்துவிட்டுப் போயிருக்கிறான் போலும். அவள் எழுதியிருந்தாள்: பொலிசுக்குச் சொல்லிவிட்டேன், அவர்கள் ஆற்றங்கரையெல்லாம் அவனைத் தேடினார்கள், எதுவும் கிடைக்கவில்லை. இனி உங்கள் வீடியோவை எடுத்துவிடுங்கள். என் பிள்ளைகளைக் கொன்ற முகம் பாட்டுக்கு ஆடுவதை என்னால் பார்க்க முடியவில்லை. தெருவில் போகும் பிள்ளைகள்கூட அந்தப் பாட்டைப் பாடுகின்றன.

பேர்ள் குசினியில் நின்றுகொண்டு கெஞ்சினாள். "அந்த மனுசி தாய். இப்பவே எடுங்கோ."

"விசரே உனக்கு? நான்தான் கொலைகாரனைக் காட்டிக் குடுத்தனான். எனக்கு மெடல் தரவேணும்."

"எறிக்..."

"சரி சரி. நாளைக்கு எடுக்கிறன்."

எடுக்கவில்லை. அந்தக் கிழவியின் செய்தியையே படமாக எடுத்து, அழுகிற பொம்மை ஒன்றையும் பக்கத்தில் ஒட்டி, இன்னொரு வீடியோ போட்டான்.

அதற்கு அடுத்த கிழமைதான் கோவாத் தோட்டத்து றோட்டில் அந்த ஆளைக் கண்டது.

எறிக் யாருக்கும் சொல்லவில்லை. களைப்பு என்று நினைத்தான். சில நாள் கழித்து, அவர்கள் இருக்கும் புது வீட்டுத் தொகுதியின் வாசலில், வட்டச் சந்தியின் நடுவில் அதே முதுகைக் கண்டான். கார்கள் சுற்றிச் சுற்றிப் போயின, ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. அவன் வட்டத்தைச் சுற்றவில்லை. நடுவால் நேராகப் போனான். பிறகு ஒருநாள் பக்கத்துத் தெருவில்... யாரோ ஒருவரின் கராஜ் கதவுக்குள் நுழைந்து போவதைக் கண்டான்.

அந்த நாட்களில்தான் இன்னொன்றும் தொடங்கியது. எறிக்கின் போன் அவனுடைய முகத்துக்குத் திறக்கவில்லை. தூக்கிக் காட்டுவான். உதறும். திரும்பக் காட்டுவான். உதறும். கடைசியில் நம்பர் போட்டுத் திறப்பான். கண்ணாடியில் பார்த்தால் அவனுடைய முகம்தான். போனைத் திட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை மன்னாருக்கு வீடியோவில் கதைத்தான். தாய் திரையைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள்.

"தம்பி, நீங்கள் ஆர்? எறிக்கிட்டைக் குடுங்கோ."

"அம்மா, நான்தானம்மா."

"பகிடி விடாதேங்கோ தம்பி. என்ர பிள்ளை எங்கை? அவன்ர போன் எப்பிடி உங்களிட்டை வந்தது?" தாய் இன்னும் கிட்டக் குனிந்தாள். "அந்த உதட்டிலை என்ன காயம்?"

எறிக் போனை வைத்துவிட்டான். மேலுதட்டைத் தடவிப் பார்த்தான். வழுவழுவென்றுதான் இருந்தது. ஆனால் விரலில் ஒரு வாசம். தோடம்பூ.

அன்று பின்னேரம் இருட்டிக்கொண்டு வரும்போது பேர்ள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். ஷெறின் பின்கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"டாடி, தேர்ஸ் எ மேன் அட் தி ஃபென்ஸ்" என்றாள்.

பேர்ள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வேலி மட்டும்தான் தெரிந்தது.

எறிக்குக்குக் கோபம் வந்தது. அவனுக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வரும். ரைல் தட்டும் சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்வளவுக்கு இறங்கினான். அந்த ஆள் பின்வேலிக்கு இந்தப் பக்கம் நின்றான். முதல் தடவையாக, முகத்தை இவன் பக்கம் திருப்பிக்கொண்டு. துணியில் இரண்டு ஓட்டை. அதற்குள் ஈரமாக ஏதோ மினுங்கியது. அங்கியிலிருந்து தண்ணீர் சொட்டியது. டொக்... டொக்... டொக்.

"ஆரடா நீ?"



எறிக் எட்டித் தொப்பியைப் பிடித்து இழுத்தான்.

உள்ளே இருந்தது... எறிக்.

அவனுடைய நெற்றி. அவனுடைய மூக்கு. காலையில் சவரம் செய்தபோது நாடியில் வெட்டிய கீறல்கூட இருந்தது. அந்த முகம் கொஞ்சம் சிரித்தது. பிறகு அவனைத் தாண்டி, வாசற்படி ஏறி, குசினிக்குள் போனது. எறிக் பதித்த ரைலில் வெறுங்கால் கிறீச்... கிறீச்... என்றது. கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.

எறிக் தன் கையைப் பார்த்தான். கறுப்புத் துணி. அங்கிக் கை. காலைப் பார்த்தான். சப்பாத்து இல்லை. பாதம் வெடித்து எரிந்தது. நாடியைத் தொட்டான்... கீறல் இல்லை. தாடி. உதட்டைத் தொட்டான். பிளந்து ஒட்டிய தழும்பு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெளிச்சம். மேசையில் அவன் இருந்தான், அவனுடைய வேலைச் சட்டையோடு. பேர்ள் அவனுக்கு முன்னால் சோற்றுக் கோப்பையை வைத்தாள். அவன் அவளுடைய கையைப் பிடித்து ஏதோ சொன்னான். பேர்ள் சிரித்தாள். எறிக்கோடு அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ வருடம்.

எறிக் கண்ணாடியில் அடித்தான். "பேர்ள்! பேர்ள்! அது நானில்லை! கதவைத் திற!"

பேர்ள் திரும்பிப் பார்த்தாள். வீல் என்று கத்தினாள். ஷெறினை இழுத்து முகத்தைத் தன் வயிற்றில் பொத்தினாள். செவில் சந்தில் கண்ட முகத்தை அவள் மறந்திருக்கவில்லை. மறக்க எறிக் விட்டால்தானே.

உள்ளே இருந்தவன் எழும்பி, பதறாமல் பொலிசுக்கு போன் எடுத்தான்.

இதையெல்லாம் றொகானுக்குச் சொன்னவன் எறிக்தான். பொலிஸ் பிடித்துக்கொண்டுபோன இடத்தில் அவனுடைய கைரேகை ஸ்பெயின் கொலைகாரனின் கைரேகையோடு பொருந்திவிட்டது. எப்படி இந்த நாட்டுக்குள் வந்தான் என்பதற்கு மட்டும் பதிவு இல்லை. அவன் ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லும் பேசவில்லை. தமிழில் கத்தினான். ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் வெளியே வந்து, "இந்த வெள்ளைக்காரன் சுத்தமான மன்னார்த் தமிழ் கதைக்கிறான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாராம்.

அங்கிருந்துதான் றொகானுக்கு அழைப்பு வந்தது. "மச்சான், வைக்காதை. ஒருக்கால் வந்து பார்."

றொகான் போனான். மேசைக்கு அந்தப் பக்கம் நரைத்த தாடிக்காரன். வாயைத் திறந்தால் எறிக். றொகானுக்கும் எறிக்குக்கும் மட்டும் தெரிந்த விசயங்கள் இரண்டு மூன்றைச் சொன்னான். அவை என்னவென்று றொகான் எனக்குச் சொல்லவில்லை. "அக்காவையும் பிள்ளையையும் அங்கையிருந்து கூட்டிக்கொண்டு போ. என்னை விடு. அவையளைக் கூட்டிக்கொண்டு போ மச்சான்" என்று அழுதான். உதட்டுத் தழும்பு வழியாகக் கண்ணீர் வாய்க்குள் போனது.

றொகான் நேராக வெரிபீக்கு ஓடினான். கதவைத் திறந்தது அத்தான். "வாடா மச்சான், சாப்பிட்டியோ?" என்றான். வீடு துப்புரவாக இருந்தது. வீடியோக்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டானாம். பேர்ளின் தலைமயிரில் பூ இருந்தது. றொகான் அக்காவைத் தனியே கூப்பிட்டு மெல்லக் கேட்டான்.

"அக்கா... அத்தானிலை ஏதும் வித்தியாசமோ?"

"ஓம்" என்றாள் பேர்ள். "மனுசனாயிட்டார். தயவுசெய்து எதையும் கிண்டாதை தம்பி."

றொகான் கிண்டவில்லை.

கிறிஸ்மஸுக்கு முன்னால் தாடிக்காரனை ஸ்பெயினுக்கு ஏற்றிவிட்டார்கள். விமான நிலையத்தில் அந்தக் கிழவி காத்திருந்ததைச் செய்தியில் காட்டினார்கள். பொலிஸ்காரரை விலக்கிக்கொண்டு வந்து, அவனுடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, நிதானமாகப் பார்த்தாள். அவன் அவளிடம் தமிழில் ஏதோ சொன்னான். அவள் நகத்தால் கீறினாள். நெற்றியிலிருந்து நாடிவரை. ஒருவரும் தடுக்கவில்லை. எப்படியோ அந்தக் காட்சிக்கும் யாரோ பாட்டுச் சேர்த்து விட்டிருக்கிறார்கள். சாகும்வரை உள்ளேதான் என்கிறார்கள். அங்கே ஒருவருக்கும் அவன் பேசுவது விளங்காது.

இல்லை றம்யா... கதை இன்னும் முடியவில்லை. பொறு.

நேற்று மத்தியானம், வேலை இடத்துச் சாப்பாட்டு அறையில், நானும் றொகானும் இருந்தோம். நீண்ட நாளைக்குப் பிறகு அவன் கொஞ்சம் கலகலப்பாக இருந்தான். பெரிய கிழமை லீவைப் பற்றிக் கதை வந்தது. அக்கா வீட்டில் எல்லாம் நல்லம் என்றான். அத்தான் பிள்ளையில் உயிராக இருக்கிறாராம்.

"ஷெறினுக்கு நீந்தப் பழக்கிறார்" என்றான்.

"நல்லதுதானே. எந்த நீச்சல் குளம்?"

"குளம் இல்லை." முள்ளுக்கரண்டியை வைத்தான். "வெரிபீ ஆத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போறவர். ஒவ்வொரு நாளும். பிள்ளை வீட்டை வந்து அக்காவுக்குச் சொன்னதாம்... 'அப்பா என்ர தலையைப் பிடிச்சுத் தண்ணிக்குள்ளை வைச்சுக்கொண்டு எண்ணுறவர். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி எண்ணுறவர்' எண்டு."